நிலத்தின் ஓய்வாண்டு: யூதர் நூல்விதியும் இக்கால வாழ்வும்

நூல்விதி தோன்றிய காலத்து வாழ்வு ஒன்று. அவ்விதியைப் பின்னாளில் ஏற்றொழுகுவாரது வாழ்வு மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்து நிற்குங்கால் விதி எளிதின் ஒழுகப்படும். ஒவ்வாது முரணுங்கால், விதியைக் கைவிடுவதோ, வாழ்வைக் கைவிடுவதோ, இரண்டற்கும் இடையே ஒரு நெறி காண்பதோ என்னும் வினா எழும். இவ்வினா சமயநெறி நிற்பார் அனைவர்க்கும் பொதுவேயாம். ஆயினும் இதனை ஈராயிரம் ஆண்டிற்கு மேலாக நூன்முகத்தானே ஆராய்ந்து, ஆராய்ந்த முடிபை அடுக்களையிலும் கழனியிலும் கடைத்தெருவிலும் நடத்திக் காட்டி வரும் மக்கட் கூட்டத்தாருள் யூதர் தலையாயவர். அவர்தம் விதிகள் பலவற்றுள் நிலத்தின் ஓய்வாண்டு என்னும் ஒன்றை மட்டும் எடுத்து, அது 1889 முதல் இன்றுகாறும் பட்டுவரும் பாட்டினை ஈண்டு ஆராய்வாம். பிற சமயத்தார் வரலாறு நமக்கு எற்றுக்கெனின், தம் இல்லத்து விளக்கைத் தூண்டுவார்க்கு அயலார் விளக்கைப் பேணும் முறையும் பயன்படும் என்க.

விதியின் இயல்பு

மோசே முனிவர் வாயிலாகத் தமக்குக் கிடைத்தனவாக யூதர் போற்றும் நூல்கள் ஐந்து. அவற்றைத் 'தோரா' என்பர். கிறித்துவ மறையைத் தமிழிற் பெயர்த்தோர் இவ்வைந்தற்கும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என நம் ஆகமச் சொல்லையே இட்டு வழங்கினமை நோக்கற்பாலது. மூலமாகிய தோராவிற்கு வாய்மொழியாய் வந்த விளக்கங்கள் ஏறத்தாழக் கி.பி. 200-இல் 'மிஷ்னா' என்னும் பெயரால் தொகுக்கப்பெற்றன. மிஷ்னாவின்மேல் எழுந்த விரிந்த ஆராய்ச்சியே 'தல்மூது'. இவை யாவும் கூட்டி உணர்ந்து, இன்னது செய்க, இன்னது ஒழிக என வகுக்கும் நெறியினை 'ஹலாகா' என்பர். நடை, ஒழுகலாறு என்பது அச்சொல்லின் பொருள். மூலம், உரை, உரைவிளக்கம் என வரும் நம் நூன்மரபு அறிந்தார்க்கு இவ்வமைப்பு புதிதன்று.

ஆறாண்டு உழுது வித்தி விளைவு கொண்டார், ஏழாமாண்டில் நிலத்தை ஓயவிடல் வேண்டும் என்பது தோராவின் விதி. அதனை எபிரேய மொழியில் 'ஷ்மித்தா' என்பர். விட்டுவிடுதல் என்பது பொருள். அவ்வாண்டில் உழுதலும் விதைத்தலும் கிளை கழித்தலும் ஆகா. தானே விளைந்தது யாவர்க்கும் பொது. வேலிக்கதவு திறந்திருத்தல் வேண்டும். வறியவரும் அயலவரும் புகுந்து உண்பர். அவர் உண்டு எஞ்சியது காட்டு விலங்கிற்கு. நிலமுடையானும் தன் நிலத்து விளைவை ஏனையோருள் ஒருவனாய் நின்றே கொள்ளல் வேண்டும். குவித்து வைத்தலும், வாணிகஞ் செய்தலும் ஆகா. உபாகமமோ இவ்வாண்டின் இறுதியிற் கடன்களும் விடப்படல் வேண்டும் எனக் கூறும்.

இத்துணைக் கடிய விதிக்குக் காரணம் யாதெனின், நிலம் இறைவனுடையது, மாந்தர் அதன்கண் வந்து தங்குவோரே என்பது லேவியராகமத்தின் கருத்து. ஏழாமாண்டில் எதனை உண்பேம் என மக்கள் அஞ்சுவர் என்பதனையும் அந்நூலே எடுத்தோதி, ஆறாமாண்டின் விளைவு மூவாண்டிற்குப் போதுமாறு அருளப்படும் என விடை கூறுகின்றது. ஓய்வு மறுக்கப்பட்ட நிலம், மக்கள் நாடுகடத்தப்பட்ட பின்னர்த் தன் ஓய்வைத் தானே கொள்ளும் என்ற எச்சரிக்கையும் அதன்கண் உளது. ஆதலின், இவ்விதியை மீறுதல் நாடிழத்தற்கு ஏதுவாம் என்னும் அச்சம் யூதர் நெஞ்சில் ஆழப் பதிந்ததாயிற்று.

பண்டை வழக்கு

இவ்விதி ஏட்டளவில் நின்றதன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் மக்கபேயர் காலத்துப் போரில், ஓய்வாண்டாதலின் உணவின்றி யூதரது அரணொன்று பணிய நேர்ந்தது என மக்கபேயர் நூல் கூறும். உரோமைத் தலைவன் யூலியஸ் சீசர் ஓய்வாண்டில் யூதர்க்குத் திறை விலக்களித்தான் என யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார்.

எனினும், விதிக்கும் வாழ்வுக்கும் முரண் அன்றே தோன்றிற்று. ஏழாமாண்டு அணுகுங்கால், கொடுத்த கடன் அழியுமென அஞ்சிச் செல்வர் வறியவர்க்குக் கடன் கொடாராயினர். வறியவரைக் காக்க வந்த விதியே வறியவர்க்கு இடையூறாயிற்று. இதனைக் கண்ட ஹில்லேல் என்னும் பேராசான், ஏரோது மன்னன் காலத்தையொட்டி, 'புரோஸ்புல்' என்னும் ஓர் ஆவணமுறை வகுத்தார். கடன் கொடுத்தோன் தன் கடன்களை அறமன்றத்தின்பால் ஒப்புவிப்பான். விதி தனியொருவர் கடனையே அழிக்கும், மன்றத்தின் கடனை அழியாது. ஆதலின் கடன் நிற்கும். ஹில்லேல் விதி தவறு என்றாரல்லர். விதி இக்காலத்திற்கு ஆகாது என்றாருமல்லர். விதியின் சொல்லுக்குள் நின்றே அதன் கருத்தைக் காத்தார். பின் வந்தார் அனைவரும் இந்நிகழ்ச்சியை நோக்கியே நடந்தனர் என்பது மேல் விளங்கும்.

கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் திருக்கோயிலை அழித்தனர். கோயில் வழிபாடு ஒழிந்தும், நூலாராய்ச்சியும் வீட்டொழுக்கமும் ஒழிந்தில. மூன்றாம் நூற்றாண்டில் உரோமர் வரி பொறுத்தற்கரியதாகவே, ரபி யன்னாய் என்பார் ஏழாமாண்டிலும் சென்று விதைக்குமாறு மக்கட்கு அறிவித்தார். அஃதெங்ஙனம் ஆமெனின், யூதருட் பெரும்பாலார் அந்நாட்டில் வாழாத காலத்தில் ஓய்வாண்டு தோராவின் நேர் ஆணையாகாது, ஆசிரியர் ஆணையாய் மட்டும் நிற்கும் என்பது அவருட் பலர் கொள்கை. மூலத்தின் ஆணைக்கும் ஆசிரியர் ஆணைக்கும் வலிமை வேறு. பின்னதனை இடுக்கண் உற்றுழி நெகிழ்த்தலாம். இவ்வேறுபாடே பின்னாள் வழக்கிற்கெல்லாம் அச்சாணியாயிற்று.

பின்னர் யூதர் பல நாடுகளிற் பரந்தனர். இவ்விதியோ இஸ்ரவேல் நாட்டு நிலத்திற்கே உரியது. ஏனை நாட்டு நிலத்திற்கு இல்லை. ஆகலின், பாபிலோனியத் தல்மூதில் 'ஷெவியித்' என்னும் ஓய்வாண்டுப் பகுதிக்கு உரையே இல்லை. எருசலேமின் பெயரால் வழங்கும் தல்மூதிலே உண்டு. நிலமில்லாதார் நிலவிதியை ஓதிக்கொண்டே வந்தனர். மைமோனிதர் (1138-1204) தம் சட்டத்தொகை நூலில் இதற்கெனத் தனிப்பகுதி வகுத்தார். பதினாறாம் நூற்றாண்டில் சாபேத் நகரில் வாழ்ந்த யோசேப்பு காரோ என்பார், யூதரல்லாதார் நிலத்து விளைவிற்கு ஓய்வாண்டின் தூய்மை இல்லை எனத் தீர்ப்புரைத்தார். இத்தீர்ப்பும் பிற்காலத்துப் பெரிதும் பயன்பட்டது.

புதிய காலம்

1791-இல் பிரான்சு நாடு யூதர்க்குக் குடியுரிமை ஈந்தது. ஏனை மேனாடுகளும் மெல்ல மெல்ல அவ்வழிச் சென்றன. தனித்து வாழ்ந்த யூதர் பிறரோடு கலந்து வாழத் தொடங்கவே, நூல்விதி பற்றி மூன்று நிலைகள் தோன்றின. செருமனியிற் கிளைத்து அமெரிக்காவிற் பரந்த சீர்திருத்தக் கூட்டத்தார், 1885-இல் பிட்சுபர்க்கு நகரிற் கூடி, அறவொழுக்க விதிகளே கட்டுப்படுத்துவன, இக்கால நாகரிகத்தோடு ஒவ்வாச் சடங்குகள் கொள்ளற்பாலனவல்ல என அறிவித்தனர். பிரஸ்பர்க்கு நகரத்து ரபி மோசே சோபர் (1762-1839), புதியது எதுவும் தோராவால் விலக்கப்பட்டதே என்னும் கொள்கையை நிறுவினார். வரலாற்று நோக்கோடு விதியையும் பேணுவோம் என்பாரது இடைநிலைக்கு 1854-இல் பிரெஸ்லாவில் தோன்றிய கல்விக்கழகம் நிலைக்களனாயிற்று. இவை யாவும் பிற நாடுகளில் நிகழ்ந்தன. நிலவிதியோ இவற்றுள் எதனிலும் பேசப்படாது உறங்கியே கிடந்தது.

1878 முதல் யூதர் பாலஸ்தீன நாட்டில் உழவுக் குடியிருப்புகளை நிறுவலாயினர். அந்நாடு அக்காலத்துத் துருக்கியப் பேரரசின்கீழ் இருந்தது; அராபியரே ஆங்குப் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். உருசிய நாட்டிலிருந்தும் உருமேனிய நாட்டிலிருந்தும் சென்ற யூதர் பலர் உழவறியாதார், கைப்பொருளும் அற்றார். பாரிசு நகரத்துச் செல்வர் எட்மண்டு ரோத்ஸ்சைல்டு அவர்களின் பொருளுதவியே பலர்க்கு ஊன்றுகோல். இந்நிலையில் 1888-89-ஆம் ஆண்டு ஓய்வாண்டாய் வந்தது. ஈராயிரம் ஆண்டாக ஏட்டில் ஓதப்பட்ட விதி ஏர்முனையில் வந்து நின்றது. உழாதொழியின் குடியிருப்புகள் அழியும். உழின் விதி அழியும்.

வார்சாவில் மூன்று ரபிகள் கூடினர். பியாலிஸ்தோக்கு நகரத்துச் சாமுவேல் மொகிலெவர் அவருள் ஒருவர். நிலத்தை யூதரல்லாதார் ஒருவர்க்கு முறைப்படி விற்றுவிடுக. விற்றபின் அது யூதர் நிலமன்று. ஆண்டு கழிந்தபின் மீட்டுக்கொள்க என்பது அவர் கண்ட வழி. கோவ்னோ நகரத்து இசாக்கு எல்கானான் ஸ்பெக்டர் அக்காலத்து உருசிய யூதர்க்கெல்லாம் தலைமை ஆசானாய் விளங்கியவர். அவர் இதற்கு இசைவு தந்தார். ஆயின் இவ்வோராண்டிற்கே இவ்விசைவு, பின்வரும் ஓய்வாண்டுகட்கு இது சான்றாகாது என வரையறுத்தார். இதனை 'விற்பனை இசைவு' என்னும் பொருளில் 'ஹெத்தேர் மெகிரா' என்பர்.

எருசலேமிலிருந்த செபார்திய ரபி யாக்கோபு சவுல் எலியாசார் இதற்கு உடன்பட்டார். அந்நகரத்து அஷ்கனாசிய ரபிகளாகிய யோசுவா லேப் திஸ்கினும் சாமுவேல் சாலந்தும் உடன்பட்டிலர். எக்ரோன் என்னும் குடியிருப்பின் உழவரோ, இசைவு வந்தும், ரோத்ஸ்சைல்டின் அலுவலர் சினந்தும், ஏரில் கை வைக்க மறுத்தனர். தமக்குச் சோறளிப்பார் முகத்தை நோக்காது விதியின் முகத்தை நோக்கிய அவ்வேழை உழவரது உறுதி வியக்கத்தக்கது.

தடையும் விடையும்

1904-இல் ஆபிரகாம் இசாக்கு குக் (1865-1935) என்பார், தமிழ் விவிலியம் யோப்பா என வழங்கும் யாஃபா நகரின் ரபியாக வந்தார். 1909-10-ஆம் ஓய்வாண்டிற்கு அவர் விற்பனை இசைவைப் புதுப்பித்து, அதனை நிறுவும் பொருட்டுச் 'சபாத் ஹாஆரெத்ஸ்' என்னும் நூலும் இயற்றினார். நிலத்தின் ஓய்வு என்பது அப்பெயரின் பொருள். சாபேத் நகரில் வதிந்த ரபி யாக்கோபு தாவீது விலோவ்ஸ்கி அதனைக் கடுமையாக மறுத்தார். இருதிறத்தார் கூறியவற்றைத் தடை விடையாக வைத்துக் காண்பாம்.

தடை: இவ்விற்பனை உள்ளத்தால் நிகழாது வாயளவில் நிகழ்வது. விற்றவன் தன் நிலமென்றே கருதுகின்றான். வாங்கினவனும் தனதெனக் கருதுகின்றிலன்.

விடை: பஸ்கா விழாவிற்கு முன்னர் வீட்டிலுள்ள புளித்த மாவுப் பொருள்களை யூதரல்லாதார்க்கு விற்று, விழா முடிந்தபின் மீட்டல் நெடுநாள் வழக்கு. அது செல்லுமாயின் முறைப்படி எழுதப்பெற்ற இதுவும் செல்லும்.

தடை: அந்நாட்டு நிலத்தை வேற்றார்க்கு விற்றலைத் தோராவே விலக்குகின்றது. ஒரு விலக்கைத் தப்ப மற்றொரு விலக்கில் வீழ்தல் தகாது.

விடை: அவ்விலக்கு உருவ வழிபாட்டினரைக் குறித்தது, வாங்குவோரோ ஒரு கடவுளை வணங்கும் முகம்மதியர். மேலும் நிலம் மீள வருவதாகலின் விற்பனை குடியிருப்பை நிலைநிறுத்துதற்கே ஆகும். (உருவ வழிபாடு பற்றிய யூதர் கருத்து நமக்கு உடன்பாடன்று, அஃது ஈண்டு ஆராய்ச்சியுமன்று.)

தடை: இன்று இடுக்கணுக்கென நெகிழ்த்தது நாளை இயல்பாகிவிடும். விதியொன்று இருந்ததென்பதே மறக்கப்படும்.

இம்மூன்றாவதே வலிய தடை. குக் இதனை அறியாதாரல்லர். இசைவில்லையேல் குடியேறினோர் விதியை வெளிப்படையாகவே மீறுவர், அதனினும் இது நன்று என்பது அவர் கருத்து. உழுதல் விதைத்தல் முதலிய தலைமைத் தொழில்களை இயன்றவரை யூதரல்லாதாரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும் என்றும் வரையறுத்தார். இசைவு வேண்டாது முழுதும் ஓய்வு காக்க வல்லாரை உயர்ந்தோராக மதித்து ஊக்கினார். இசைவளித்தவரே ஓய்வாண்டின் உயர்வைப் புகழ்ந்து நூலின் முன்னுரை எழுதினார் என்பது உய்த்துணரற்பாலது.

மறுத்தார் கண்ட வழி

மறுப்பது எளிது, மறுத்தபின் உண்பது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை காண்டல் அரிது. அவ்வரிய பணியை மேற்கொண்டவர், 1933-இல் அந்நாடு சேர்ந்து பினே பிராக்கு என்னும் ஊரில் வாழ்ந்த ரபி ஆபிரகாம் ஏசாயா கரேலித்ஸ் (1878-1953). தம் நூற்பெயரால் 'ஹசோன் இஷ்' என வழங்கப்பெறுவார். விற்பனை இசைவை அவர் ஏற்றிலர். ஆயின் மரம் பட்டுப்போகாமற் காத்தற்கு எவ்வெத் தொழில் செய்யலாம், எவ்வெவை ஆகா என ஒவ்வொன்றாக ஆராய்ந்து உழவர்க்கு உரைத்தார். மிஷ்னாக் காலத்தை ஒட்டிய பழைய நூலொன்றிற் காணப்படும் 'மன்றக் களஞ்சியம்' என்னும் முறையையும் உயிர்ப்பித்தார். அம்முறையில் அறமன்றம் உழவனைத் தன் ஏவலாளாக அமர்த்தும். அவன் கனிகளைப் பறித்துக் கொணர்வான். வாங்குவோர் கனிக்கு விலை கொடாது, பறித்தற்கும் கொணர்தற்கும் ஆகிய கூலியே கொடுப்பர். விளைவு பொதுப்பொருளாகவே நிற்கும். உழவனும் பட்டினி கிடவான்.

1944-இல் தோன்றிய ஹபெத்ஸ் ஹாயிம் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பினர், நிலத்தைத் தீண்டாது நீரில் பயிர் வளர்க்கும் முறையை இவ்விதியின் பொருட்டே முயன்று பார்த்தனர். விதியைக் காக்கும் விருப்பம் புதிய உழவு முறைக்கும் வாயிலாயிற்று.

இன்றைய நிலை

1948-இல் இஸ்ரேல் அரசு தோன்றியது. அதன்பின் வந்த முதல் ஓய்வாண்டு 1951-52. அந்நாட்டுத் தலைமை ரபி மன்றம் விற்பனை இசைவையே தொடர்ந்து கையாண்டு வருகின்றது. ஸ்பெக்டர் ஓராண்டிற்கென அளித்த இசைவு நூற்றாண்டிற்கு மேலும் நீண்டு நிற்கின்றது. 2007-08-ஆம் ஓய்வாண்டில், இசைவை ஏற்பதும் ஏலாததும் அவ்வவ்வூர் ரபியின் விருப்பம் எனத் தலைமை மன்றம் விட்டபோது, உழவரும் வணிகரும் அரசின் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். ஊர் ரபி மறுப்பினும் தலைமை மன்றம் இசைவு வழிச் சான்றளித்தல் வேண்டும் என்பது தீர்ப்பு. நூல்விதியின் வழக்கு அரசு மன்றம் ஏறிற்று.

ஓய்வாண்டில் இன்று ஒரு யூத இல்லத்தரசி காய்கறி வாங்கச் செல்லின், அது விற்பனை இசைவின் விளைவோ, மன்றக் களஞ்சியத்ததோ, அராபியர் நிலத்ததோ, வேற்று நாட்டினின்று வந்ததோ, ஆறாமாண்டிற் சேமித்ததோ என வினவி வாங்குகின்றாள். தூய்மையுடைய கனியின் தோலையும் எச்சத்தையும் குப்பையில் எறியாது, தனிக்கலத்தில் இட்டு, அழுகிய பின்னரே அகற்றுகின்றாள். 2014-15-இலும் 2021-22-இலும் இங்ஙனமே நிகழ்ந்தது. நிலத்தை முழுதும் ஓயவிட்ட உழவர்க்குப் பல நாட்டு யூதர் பொருள் திரட்டி உதவினர். இனி வருவது 2028-29. சமயவொழுக்கத்திற் பற்றிலாத யூதருள்ளும் சிலர், இவ்வாண்டு உணர்த்தும் மண்காப்பு, கடனீக்கம், பகுத்துண்டல் என்பவற்றைப் புதிதாக எண்ணத் தலைப்பட்டுள்ளனர்.

முடிபு

இவ்வரலாற்றால் அறியக் கிடப்பன யாவை? இசைவளித்தாரும் மறுத்தாரும் விதியை இகழ்ந்தாரல்லர். இருவரும் அதனை ஓதி உணர்ந்து தாமே சுமந்தவர். விதியை நெகிழ்த்தும் உரிமை அதனைச் சுமப்பார்க்கே உண்டு. சுமவாதார் நெகிழ்த்தல் கைவிடுதலே ஆகும். இஃது ஒன்று. நெகிழ்த்ததனை நெகிழ்வென்றே சொல்லி வைத்தல் வேண்டும். குக் அங்ஙனம் சொல்லி வைத்தமையின், நூறாண்டு கழிந்தும் உண்மை விதி இன்னதென யாவரும் அறிவர். நெகிழ்வையே விதியெனச் சொல்லியிருப்பின் இரண்டும் அழிந்திருக்கும். இஃது இரண்டாவது. ஆபத்தருமம் என நம் நூலோர் கூறுவதும் இத்திறத்ததே. ஆபத்து நீங்கியபின்னும் அதனையே தருமமாக் கொள்ளல் அவர் கருத்தன்று.

மூன்றாவது இவற்றினும் ஆழ்ந்தது. விற்பனை ஆவணம் எழுதினும், மன்றக் களஞ்சியம் அமைப்பினும், விதியின் உயிர் எங்கே உளது என்பது வினா. நிலம் எனதன்று, இறைவனுடையது என ஏழாண்டிற்கு ஒருமுறையேனும் நெஞ்சார ஒப்புதலே அதன் உயிர். ஆவணம் சரியாக எழுதப்பெற்று, எனது என்னும் பற்று மட்டும் அசையாது நிற்குமாயின், சொல் காக்கப்பட்டது, பொருள் காக்கப்பட்டிலது. வேலிக்கதவைத் திறந்துவைத்து, வறியவன் தன்னொடு ஒப்ப நின்று உண்ணக் கண்ட எக்ரோன் உழவனுக்கே அப்பொருள் கைவந்தது எனலாம்.

யான் எனது என்னும் செருக்கறுதலே வீட்டுநெறிக்கு வாயில் என்பது நம் சித்தாந்தம். அச்செருக்கை அறுக்க நம் முன்னோர் வகுத்த நோன்புகளும், அடியார்க்கு அமுதளித்தலும், கொடைகளும் நம்மிடையே உள. அவற்றை இக்காலத்திற்கேற்ப எளிதாக்கிக் கொண்டோம். எளிதாக்கியது குற்றமன்று. எளிதாக்கினோம் என்பதனை மறவாதிருக்கின்றோமா, அவற்றின் உயிராகிய பற்றறுதியை விடாதிருக்கின்றோமா என்பதே நாம் நம்மை வினவிக்கொள்ள வேண்டுவது.

திருச்சிற்றம்பலம்.